கொழுந்தனார் வீட்டுக் கார் குடித்த பெட்ரோல்

எனக்கு எண்பத்திரண்டு வயதாகிறது. பெற்றது மூன்று, வளர்த்து ஆளாக்கியது ஐந்து. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் என்ஜின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன்.

எழுபதுகளில், பெருமாட்டி என்ற ஊரில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மண்ணெண்ணெய் என்ஜின் இருந்தது. தினமும் அதைக் கிளப்பித் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சியது நான்தான். அப்போது அடுத்த வீட்டில் கொழுந்தனார் ஒரு பழைய அம்பாசடர் வாங்கினார். அவர் மனைவி, கூப்பிடு தூரத்துக் கோயிலுக்கும் அதில்தான் போனாள். என் வாசலைத் தாண்டும்போது மட்டும் ஹாரன் அடிக்கும். எனக்கு வயிறு எரியும்.

அறுவடை முடிந்ததும் கார் கரும்புகை கக்கத் தொடங்கியது. பக்கத்து ஊரான சித்தூர் போய்வர ஊற்றிய பெட்ரோல் போகும்போதே தீர்ந்தது. "பெட்ரோலக் குடிக்குதா, குளிக்குதான்னே தெரியலீங்க அக்கா" என்று அவள் அழாக்குறையாகச் சொன்னாள். அன்று எனக்குச் சோறு ருசித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காரின் முன்மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். காற்று இழுக்கும் வாயில், பால் ஊற்றிய போசிப் பாத்திரத்துக்குக் கட்டுவதுபோல், இரண்டு மடிப்பாகத் துணி. களத்துத் தூசிக்குப் பயந்து அவள்தான் கட்டியிருப்பாள். அது சாணி மெழுகியதுபோல் அடைத்துக் கிடந்தது. எங்கள் என்ஜினிலும் அந்த இடத்தில் பதர் அடைத்தால் இதே புகைதான். காற்றுப் போதாமல் எண்ணெயை வீணாகக் குடிக்கும். பேசாமல் வந்துவிட்டேன்.

ஆறு நாள் கழித்துப் பொள்ளாச்சியிலிருந்து மெக்கானிக் வந்தார். மூடியைக்கூடத் திறக்காமல், "என்ஜின எறக்கோணுங்க, செலவு ஜாஸ்தி ஆகும்" என்றார்.

"அப்படீன்னா வித்துப்போடலாம்" என்றார் கொழுந்தனார்.

நான் காத்திருந்த வார்த்தை. நன்றாகக் கேட்கக் கிட்டே போனேன்.

"தள்ளி நில்லுங்கம்மா. பொம்பளைங்களுக்கு இது வெளங்காது" என்றார் மெக்கானிக்.

"ஏனுங்க, தெனமும் என்ஜின் ஓட்டற பொம்பளைக்குமா? மூடியத் தொறந்து அந்தத் துணிய அவுத்துப் பாருங்க. போன செவ்வாக்கெழமையே பாத்தேன்!"

அவிழ்த்துவிட்டுக் கிளப்பினார். கார் இரண்டு தரம் இருமியது, புகை வெளுத்தது. கொழுந்தனார், "அண்ணியவே கேட்டிருக்கலாம்" என்று சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை.

"செவ்வாக்கெழமையேவா பாத்தீங்க, அக்கா?"

அவள் கார்க் கதவைத் திறந்து, "ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றாள். தோட்டத்தில் வேலை கிடக்கிறது என்று நடந்துவிட்டேன். கடைசி வரை அதில் ஏறவில்லை.

இப்போது இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி முடித்ததும், பேத்தியைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். "கண்ணு, மொதல்ல இருந்து வாசி. எங்கயாச்சும் என்னைய நல்லவளாட்டம் எழுதியிருந்தாச் சொல்லு, அடிச்சுப்போடலாம்."