ஆமணக்கு நின்ற இடம்

யுத்தம் முடிந்த மறு வருஷம் கடலூரில் கத்திரி வெயில் வரவில்லை. அது வர வேண்டிய நாட்களில் மழை வந்தது. முதல் மழைக்கு எங்கள் மஞ்சக்குப்பமே வாசலுக்கு வந்து நின்று, "பூமி குளுந்துச்சு" என்று ஒருவருக்கொருவர் சொல்லி மகிழ்ந்தது. மழை நிற்காமல் வைகாசியிலும் ஆனியிலும் தொடரவே, அதே ஆட்கள் வானத்தைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தார்கள். அம்மா பிழிந்த வடகம் காய மறுத்துக் கூழாகவே அடுப்படிக்குத் திரும்பி வந்தது. பண்ருட்டியிலிருந்து வந்த பலாப்பழத்தில் சுளை என்னவோ பெரிது பெரிதாகத்தான் இருந்தது. வாயில் போட்டால் வெறும் தண்ணீர். அப்பா ஒரு சுளையைத் தின்றுவிட்டு, "இதுக்கு நம்ம கெணத்துத் தண்ணியே தேவலாம்" என்றார்.

அந்த மழையால் லாபம் அடைந்தது எங்கள் வீட்டுத் தோட்டம் ஒன்றுதான். அதுவும் அளவுக்கு மீறி. பூசணிக்கொடி கிணற்று ராட்டினம் வரை ஏறிப் படுத்துக்கொண்டு, தண்ணீர் சேந்த வருகிறவர்களை வழிமறித்தது. நாயுருவி ஒட்டாத பாவாடை என்னிடம் ஒன்று கூடக் கிடையாது. கிணற்றுக்கு அந்தப் பக்கம் வேலியோரமாகத் தானே முளைத்த ஆமணக்கு ஆள் உயரம் தாண்டிக் காடாகிவிட்டிருந்தது. அதற்குள் புகுந்து நின்றால் கிணற்றடியில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அப்போது ஏழு வயது. ஒளிந்து விளையாட அதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன்.

தோட்டம் அத்தையின் ராஜ்யம். அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே மாமா பினாங்குப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணி வேலை என்று கப்பல் ஏறிவிட்டார். வீடு பார்த்துவிட்டு அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதற்குள் யுத்தம் வந்தது, ஜப்பான்காரன் வந்தான், கடிதம் வருவது நின்றது. அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து மண்வெட்டியைக் கையில் எடுத்தாள். புடவைக்கு மேல் அப்பா கலெக்டர் கச்சேரி வேலைக்குப் போட்டுப் பழசான சட்டையைப் போட்டுக்கொண்டு கையை மடித்து விட்டுக்கொள்வாள். செடிகளிடம் அவள் பேசுகிற பேச்சே தனி. "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி வந்து ஒக்காந்துட்ட. எழுந்திருக்கிற எண்ணம் இருக்குதா?" என்று பூசணிக்கொடியிடம் கேட்பாள். அது எழுந்திருக்காது. இழுத்துப் போடுவாள்.

வருஷா வருஷம் ஆவணியில் தோட்ட வேலை தொடங்கும். ஐப்பசி அடைமழைக்குள் களை எடுத்து, பாத்தியை மேடாக்கி, தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டி, புயலில் முறியாதபடி முருங்கைக் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். மழை முடிவதற்குள், நவம்பர் தொடக்கத்தில், இறந்தவர்களை நினைக்கிற கல்லறைத் திருநாள் வந்துவிடும். அன்றைக்கு எங்கள் வீட்டார் பூ வெளியில் வாங்குவதில்லை. தாத்தா கல்லறைக்கும், எனக்கு முன்னால் பிறந்து இறந்த குழந்தையின் கல்லறைக்கும் அத்தை வளர்த்த கோழிக்கொண்டையும் வாடாமல்லியும்தான் போகும்.

அந்த ஆவணியில் ஒரு நாள் காலை. அத்தை ஆமணக்கைச் சாய்ப்பதற்காக அரிவாளோடு காட்டுக்குள் புகுந்தாள். நானும் பின்னால் போனேன். முதல் செடியில் அவள் கை வைப்பதற்குள் அப்பா ஒருவரைக் கிணற்றடிக்கு அழைத்து வந்தார். அவர் சிதம்பரம் பக்கத்தில் கிள்ளை என்கிற ஊர்க்காரர், பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கியிருந்தார். மாமா இருந்த அதே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்து, யுத்தம் முடிந்து கப்பல் கிடைத்து ஊர் திரும்பியவர். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது இலைகளுக்கு நடுவே அவருடைய குடை மட்டுமே.

"சொல்லவே கூச்சமா இருக்குதுண்ணே," என்றார் அவர். "அவுரு நல்லாத்தான் இருக்காரு. அங்கியே ஒரு பொண்ணக் கட்டிக்கிட்டாரு. ரெண்டு புள்ளைங்க. பெரியவன் அப்பிடியே அவுரு சாடை. இனிமே இந்தப் பக்கம் வருவாருன்னு தோணல."

யாரோ ஒருவர் நன்றாக இருக்கிறார், கல்யாணமாகியிருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்ல சேதிதானே. அதைச் சொல்ல எதற்குக் கூச்சம் என்று அத்தையைக் கேட்க வாயைத் திறந்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஷ்ஷ். அந்தக் கெளையில ஓணான் பாரு. சத்தம் போட்டா ஓடிடும்," என்று காதோடு சொன்னாள். நான் ஓணானைத் தேட ஆரம்பித்துவிட்டேன். "இது அவ காதுக்குப் போவக்கூடாது. நீங்க வந்துட்டுப் போனதே இந்த வூட்ல தெரிய வேணாம்," என்று அப்பா சொன்னதும் காதில் விழுந்தது. ஆனால் எனக்கு ஓணான் முக்கியமாக இருந்தது. அது கண்ணில் படவே இல்லை. மணிக்கட்டு மட்டும் சிவந்து போயிருந்தது.

அவர்கள் போன பிறகு அத்தை ஆமணக்கை வெட்டினாள். ஒரு வாரத்து வேலை என்று முந்தின நாள் சொன்னவள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் மொத்தக் காட்டையும் சாய்த்துவிட்டாள். எனக்கு ஒளிய இடம் போய்விட்டதே என்று அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் அப்பா கச்சேரியிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்தார். "மச்சான் போயிட்டாராம்," என்றார். "குண்டு போட்டாங்கல்ல, அப்பவே." அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அம்மா அழுததால் நானும் அழுதேன். மாமாவின் முகம்கூட எனக்குத் தெரியாது. அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரு சொன்னாங்கண்ணே?"

"தெரிஞ்சவங்கதாம்மா."

அவள் மறுபடியும் கீரையைக் கையில் எடுத்தாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அதிர்ச்சியில் இப்படித்தான் இருக்கும், போகப்போக அழுவாள் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

இனிமேல் நடக்க வேண்டியதைத் தெருவே கையில் எடுத்துக்கொண்டது. தாலியைக் கழற்ற வேண்டும், வெள்ளைப் புடவை கட்ட வேண்டும், ஆத்துமத்துக்குப் பூசை வைக்க வேண்டும். எதிர்வீட்டுப் பெரியம்மாதான் இதற்கெல்லாம் தலைமை. ரொம்ப நல்லவர், யார் வீட்டில் துக்கம் என்றாலும் சொந்த வீட்டு வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார். அவர் வரும்போதெல்லாம் அத்தை முழங்கைவரை சேற்றோடு ஒரு பாத்தியில் நின்றாள். "கையெல்லாம் சேறு பெரியம்மா. இந்தப் பாத்தி முடியட்டும்," என்பாள். அந்தப் பாத்தி முடிந்தால் வாய்க்கால். வாய்க்கால் முடிந்தால் முருங்கை. வெட்டிய வாய்க்கால் கோணலாக இருக்கிறதென்று தூர்த்துவிட்டு மறுபடி வெட்டினாள். கோடை மழை சாமந்தித் தூரையெல்லாம் அழுக வைத்திருந்தது. அதைத் தோண்டி எறிந்துவிட்டு எருப் போட்டாள். போன வருஷத்துக் கோழிக்கொண்டை விதையைத் தண்ணீர் தோட்டம் பூராவும் அடித்துக்கொண்டு போயிருந்ததால், போட்ட இடத்தைவிடப் போடாத இடத்தில்தான் நாற்று ஜாஸ்தி முளைத்திருந்தது. ஒன்றைக்கூடப் பிடுங்கி எறியாமல் மண்ணோடு பெயர்த்துத் தெருவில் வீட்டுக்கு வீடு கொடுத்தாள். பெரியம்மாவும் ஒரு கூடை வாங்கிப் போனார். எங்கள் தோட்டம் அந்த வருஷம் போல அதற்கு முன்னும் பின்னும் சுத்தமாக இருந்ததில்லை. களைக்குப் பயந்துதான் அத்தை இப்படி உழைக்கிறாள் என்று நான் நம்பினேன்.

ஆனால் தோட்டம் என்ன ஊர் அளவா இருக்கிறது? புரட்டாசிக் கடைசியில் வெட்ட மண் இல்லை. எல்லாவற்றையும் கல்லறைத் திருநாளன்று வைத்துக்கொள்ளலாம் என்று பெரியம்மாவும் அம்மாவும் முடிவு செய்தார்கள். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு பெரிய சிலுவை உண்டு. வேறு ஊரில் புதைக்கப்பட்டவர்கள், கடலில் போனவர்கள், உடம்பு கிடைக்காதவர்கள் எல்லாருக்கும் அந்தச் சிலுவையின் அடியில்தான் பூ வைப்பார்கள். மாமாவுக்கும் அங்கே வைப்பது, வீட்டுக்கு வந்து தாலியைக் கழற்றுவது என்று பேச்சு.

"பூசைக்கு அவுரு பேரக் குடுத்துட்டீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"குடுக்கலாம், குடுக்கலாம்," என்று அப்பா செருப்பைத் தேடினார். செருப்பு காலில்தான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் இப்படி ஏதாவது நடந்து, கடைசிவரை பங்குச் சாமியாரிடம் அந்தப் பேர் போகவே இல்லை. அப்பாவுக்கு மறதி என்று அம்மா சலித்துக்கொண்டாள்.

கல்லறைத் திருநாளன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. பூசை முடிந்து எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஈரக்காற்றில் மெழுகுத்திரி நிற்க மாட்டேன் என்றது. தாத்தாவுக்கும் குழந்தைக்கும் பூ வைத்தோம். அத்தையின் கூடையில் அதற்கு மேல் பூ இல்லை. கச்சிதமாக அவ்வளவுதான் பறித்திருந்தாள். அம்மா முகத்தைச் சுளித்தாள். அதற்குள் பெரியம்மா ஒரு மலர் வளையத்தோடு வந்தார். அத்தை கொடுத்த நாற்றில் பூத்த கோழிக்கொண்டையை வைத்து அவரே கட்டியது. ஒவ்வொரு பூவும் உள்ளங்கை அகலம். "நீ மறந்துடுவேன்னு தெரியும்மா. உம் புருஷனுக்கு நான் வெக்கிறேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே பெரிய சிலுவையின் அடியில் வைத்து முழங்காலிட்டார். அம்மாவும் முழங்காலிட்டாள். அப்பா மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

அத்தை குனிந்து அந்த வளையத்தை எடுத்தாள். மெதுவாகத்தான் எடுத்தாள், வாழை இலையிலிருந்து ஈயை விரட்டுவது போல. பெரியம்மா, "ஐயோ, என்னாம்மா இது!" என்றார். அத்தை அப்பாவிடம் போய் வளையத்தை அவர் கையில் கொடுத்தாள். நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றதால் எனக்கு மட்டும் கேட்டது.

"உசுரோட இருக்கறவங்களுக்கு இங்க பூ வெக்கக் கூடாதுண்ணே. புள்ளைகுட்டியோட நல்லா இருக்கட்டும்."

அப்பா பிடித்த பிடியில் வளையத்திலிருந்து கறுப்பு விதைகள் உதிர்ந்தன. அத்தை தாத்தா கல்லறைக்குத் திரும்பிப் போய் அணைந்த மெழுகுத்திரியைக் கொளுத்த ஆரம்பித்தாள். பாவம், புத்தி கலங்கிவிட்டது, புருஷன் வருவான் என்று இன்னும் நம்புகிறாள் என்று பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். எனக்கு வேறு கவலை. ஒருவருக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கக் கூடாது என்று அத்தை எனக்கு எத்தனை தரம் புத்தி சொல்லியிருக்கிறாள். அவளே அந்தக் கோழிக்கொண்டையை எடுத்துக்கொண்டுவிட்டாளே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தாலியைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை. பேச வாயெடுத்த அம்மாவை அப்பா ஒரு அதட்டலில் நிறுத்தினார். அப்பா அம்மாவை அதட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா நேரே தோட்டத்துக்குப் போனார். வளையம் இன்னும் அவர் கையில் இருந்தது. கிணற்றடியில் நின்று வேலியைப் பார்த்தார். பிறகு வேலியோரம் போய், ஆமணக்கு நின்ற இடத்தில் நின்றுகொண்டு கிணற்றடியைப் பார்த்தார். இப்போது அங்கே மறைவு ஒன்றும் இல்லை. அத்தை மேடாக்கிய பாத்திகள் மட்டும் வரிசையாக இருந்தன. மறுபடியும் கிணற்றடி, மறுபடியும் வேலி. எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று தெரிந்தது. நானும் குனிந்து சேற்றில் தேட ஆரம்பித்தேன்.

"பாப்பா, ஒரு குடைக்காரர் வந்தாரே, அன்னைக்கு அத்த எங்க இருந்துச்சு?"

"இங்கதாம்பா. நீங்க நிக்கிற எடத்துல. நானும் கூட இருந்தேன். அத்த எனக்கு ஓணான் காட்டுச்சு."

அப்பா துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். உள்ளே அத்தை அடுப்பு மூட்டுகிற புகை ஓட்டின் வழியாக வந்தது. "காப்பி வேணுமாண்ணே?" என்று எப்போதும் போல அவள் குரல் கேட்டது. அப்பா மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தொலைத்தது கிடைக்காத வருத்தம்தான் என்று நினைத்து, "அழாதீங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு, இருட்டும்வரை அந்தப் பாத்தியைக் கையால் கிளறிக்கொண்டிருந்தேன்.