வலது காதில் இரும்பு

யாசுயோ நிஷிவாகி ஒரு பழைய ஹெட்போனைக் கையில் வாங்கினால் முதலில் அதைப் பார்க்க மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பாள். பிறகு காது மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்துவாள், தலைப்பட்டையை லேசாக விரித்து விடுவாள். அரை நிமிடத்துக்குள் எந்தக் கம்பெனி, எந்த வருஷத்துச் சரக்கு, இதற்கு முன் யார் கைவைத்துக் கெடுத்தார்கள் என்பது வரை சொல்லிவிடுவாள்.

பத்தொன்பது வயதில் கிழக்கு ஒசாகாவில் ஒரு ஹெட்போன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தவள். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியைப் பதினாறு வருஷம் காயிலாகச் சுற்றினாள். ஆலை மூடியதும் நிப்போன்பாஷியில் ஒரு கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் ஹெட்போன் ரிப்பேர் கடை பிடித்தாள். மூன்று பேர் உள்ளே வந்தால் நாலாவது ஆள் படிக்கட்டில்தான் நிற்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "யாராவது ஒடஞ்சதக் கொண்டுவந்துட்டே இருக்காங்க, நேரம் எங்க இருக்கு?" என்பாள். அறுபத்தொரு வயதிலும் அதே பதில்தான்.

ஒரு ஜூன் மாத மழையில் கனேகோ என்ற அம்மாள் ஒரு துணி முடிச்சோடு வந்தார். எழுபதைத் தாண்டியவர். குடையை மடக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். துணியை அவிழ்த்ததும் கறுப்பு எள்ளைப் பொடித்த மாதிரி தூள் கொட்டியது. உள்ளே இருந்த ஹெட்போனின் மெத்தைப் பஞ்சு மக்கிப்போயிருந்தது.

"என் வீட்டுக்காரரோடது. மார்ச்சுல தவறிட்டார்" என்றார். "ஞாயித்துக்கெழம ஆனா இத மாட்டிக்கிட்டு ரெக்கார்டு போட்டுட்டு உக்காந்துருவார். என்னத் தொட விட்டதே இல்ல, ஒடஞ்சிரும்பார். இப்ப எடுத்துப் போட்டுப் பாத்தேன். வலது பக்கம் சத்தமே வரல."

"விட்டுட்டுப் போங்க, கனேகோ சான். மூணு நாள்ல சரியாயிரும்."

"இது என்ன கம்பெனி?"

யாசுயோ கண்ணை மூடினாள். அரை நிமிடம் ஆனது. ஒரு நிமிடமும் ஆனது.

"பாத்துச் சொல்றேன்" என்றாள். இருபத்தைந்து வருஷத்தில் அந்தக் கடையில் அவள் சொல்லாத வாக்கியம் அது.

தலைப்பட்டை எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது, அதில் சந்தேகமில்லை. காதுக் கிண்ணங்களோ வேறொரு கம்பெனியுடையவை, பத்து வருஷம் பிந்தியவை. பெயர்த் தகடு இருந்த இடத்தை யாரோ உரசி வழவழப்பாக்கியிருந்தார்கள். திருட்டுச் சரக்கை விற்பவன் இப்படிச் செய்வான் என்றால், அவன் இவ்வளவு பொறுமையாகவா உரசுவான்?

வயர் முனையிலிருந்த பிளக்கில் மீட்டரை வைத்தாள். இடது உயிரோடு இருந்தது. வலதும் உயிரோடு இருந்தது. இரண்டிலும் முள் ஒரே இடத்தில் நின்றது. ஆனால் தலையில் மாட்டிக் கேட்டால் வலது பக்கம் கல்லாக இருந்தது. முள்ளை நம்புவதா, காதை நம்புவதா?

பக்கத்துக் கடை தொகுநாகாவைக் கூப்பிட்டாள். பழைய ஆம்ப்ளிஃபயர் விற்கிற கிழவர். அவளைச் சீண்டுவதற்கென்றே காலையில் கடை திறப்பவர்.

"ஏம்மா யாசுயோ, ஒனக்கே தெரியலையா? அப்ப இன்னிக்கு லீவு விட வேண்டியதுதான்!"

"கிண்டல் பண்றத அப்புறம் வச்சுக்கங்க. இது என்னனு சொல்லுங்க."

அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆலையில மாதிரிக்கு ஒண்ணு ரெண்டு செய்வானுங்கல்ல, அது. வெளிய வராத சரக்கு. ஒரு தட்டு தகோயாகி பந்தயம்." தெருவில் சுடச்சுட விற்கும் ஆக்டோபஸ் உருண்டைதான் அவருக்குப் பந்தயப் பணம்.

"மாதிரிக்குச் செஞ்சா ரெண்டு கம்பெனி உருப்படிய ஏன் ஒட்டுறான்?"

"அதத் தெரிஞ்சுக்கத்தான நீ இருக்க?"

வலது கிண்ணத்தின் நான்கு திருகுகளையும் கழற்றினாள். மூடியைத் தூக்கினாள். உள்ளே ஸ்பீக்கர் இல்லை. கம்பளித் துணியில் சுற்றி, ஆடாமல் ஒட்டிவைத்த இரும்பு வாஷர்கள் மட்டும் இருந்தன. எண்ணினால் ஏழு.

"எவனோ உருவிட்டுப் போயிட்டான்" என்றார் தொகுநாகா.

"உருவுறவன் எடை சரியா இருக்கணும்னு இரும்பு வச்சிட்டா போவான்?"

இடது கிண்ணத்தையும் திறந்தாள். வலது பக்கத்துக்குப் போக வேண்டிய கம்பி தலைப்பட்டைக்கு ஏறவே இல்லை. இரண்டு பக்கத்துச் சத்தமும் இரண்டு சின்ன ரெசிஸ்டர் வழியாக இடது ஸ்பீக்கரிலேயே வந்து சேர்ந்திருந்தது. மீட்டர் பொய் சொல்லவில்லை; இரண்டு முறையும் அது இடது ஸ்பீக்கரைத்தான் அளந்திருந்தது. ஈயம் வைத்திருந்த அழகைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. அரிசி மணி அளவுக்கு, ஒவ்வொன்றும் ஒரே மாதிரி.

இரண்டு நாள் அது மேசையிலேயே கிடந்தது. மற்ற வேலைகளில் கை ஓடவில்லை. ஒரு மாணவனின் ஹெட்போனில் இடதையும் வலதையும் மாற்றிப் பற்றவைத்துவிட்டுத் திரும்பப் பிரித்தாள். மூன்றாம் நாள் காலை அதை மாட்டிக்கொண்டு ஒரு ஜாஸ் ரெக்கார்டைப் போட்டாள். பியானோ, டிரம்ஸ், பாஸ், எல்லாமே இடது காதுக்குள் வந்தன. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. எதையும் விட்டுவிடக் கூடாது என்று ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார். யாருக்காக? இடது காது மட்டும் கேட்கிறவனுக்காக.

அப்படியென்றால் இரும்பு? பார்ப்பவர்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக.

இதைச் சொல்வதா வேண்டாமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ரிப்பேருக்கு வந்த பொருளில் என்ன இருந்தது என்று சொல்வது அவள் வேலை. செத்தவர் மறைத்ததைச் சொல்வது யார் வேலை? கனேகோ வந்து உட்கார்ந்த பிறகும் முடிவுக்கு வரவில்லை. திறந்த கிண்ணத்தை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

"கனேகோ சான், ஒங்க வீட்டுக்காரருக்கு வலது காது கேக்குமா?"

"நல்லாக் கேக்குமே! ஏன் கேக்குறீங்க?"

யாசுயோ சொன்னாள். அந்த அம்மாள் வாஷர்களை விரலால் தொட்டுப் பார்த்தார். சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"சாப்பாட்டு மேசையில நான் எப்பவும் அவருக்கு வலப்பக்கம்" என்றார். "அடுக்களக் கதவு அந்தப் பக்கம், அதான். நாப்பத்திரண்டு வருஷம். பத்துச் சொன்னா ஒண்ணுக்குத்தான் 'ம்' வரும். ஆனா கார்ல ஏறிட்டா வேற மனுஷன். பதில் சொல்லுவார், சிரிப்பார், திருப்பிக் கேள்வி கேப்பார். என் தங்கச்சிகிட்ட சொல்லுவேன், எங்க வீட்டுக்காரருக்குக் கார்ல மட்டும்தான் பொண்டாட்டி இருக்கானு."

காரில் ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம் கனேகோ உட்கார்ந்திருப்பார். கணவரின் கேட்கிற காது அந்தப் பக்கம். யாசுயோ அதைச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"பையன் வேலைக்குப் போன வருஷம்" என்று கனேகோ மெதுவாக ஆரம்பித்தார். "மேசையில வச்சுச் சொன்னேன். நான் இந்த வீட்ட விட்டுப் போயிரலாம்னு இருக்கேன்னு. அவர் 'ம், சரி'ன்னுட்டு மீன்ல முள்ளு எடுத்துக்கிட்டிருந்தார். இவ்வளவுதானா நம்ம மதிப்புனு ஆயிருச்சு. அந்த ரோஷத்துலயே போகாம இருந்தேன். இருபது வருஷம் அந்த மேசையில மொகம் குடுத்துப் பேசல." அவர் நிமிர்ந்தார். "அன்னிக்கு அவருக்குக் கேட்டுச்சா, கேக்கலையா?"

வலது காது முழுக்கச் செவிடா, பாதியா, எப்போதிலிருந்து என்றெல்லாம் ஒரு ஹெட்போனிலிருந்து சொல்ல முடியாது என்றாள் யாசுயோ.

"இத அவரே செஞ்சிருப்பாரா?"

"கைவேல தெரிஞ்சவரா?"

"பல்பு மாட்டத் தெரியாது அவருக்கு!"

"அப்ப வேற யாரோ செஞ்சு குடுத்திருக்காங்க. நல்ல பழகின கை."

கனேகோ முன்னால் சாய்ந்தார். "ஆம்பளயா, பொம்பளயா?"

"ஈயத்துல அதெல்லாம் தெரியாது, கனேகோ சான்."

"யார்கிட்டயோ சொல்லியிருக்கார்ல. எங்கிட்ட சொல்லாதத." அழவில்லை அவர். வழி தவறி வேறு ஊரில் இறங்கிவிட்டவர் ரயில் நிலையப் பலகையைப் பார்ப்பதுபோல அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வலதில் ஒரு ஸ்பீக்கர் வைத்து இரண்டு காதுக்கும் ஆக்கிவிடட்டுமா என்று யாசுயோ கேட்டாள். ஆக்கிவிடுங்கள் என்று சொல்லிப் போனவர் மறுநாள் போன் செய்து வேண்டாம் என்றார். அதற்கடுத்த நாள், "நான் சொன்னது எதுன்னே மறந்துபோச்சு. என்ன சொன்னேன்?" என்று கேட்டார். யாசுயோ, "வேண்டாம்னு" என்றாள். அது சரியா என்று அவளுக்கும் தெரியாது. பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், பிரித்துப்போட்டால் திரும்ப அதேபோல் வைக்க முடியாது என்பதால் சொன்னாள்.

புது மெத்தை தைத்து, வயரை மாற்றி, இரும்பை இருந்தபடியே மூடிக் கொடுத்தாள். கனேகோ கடையிலேயே மாட்டிப் பார்த்தார். பாட்டு தொடங்கியதும் யாரோ கூப்பிட்டதுபோல இடப்பக்கம் திரும்பினார். அங்கே தொகுநாகா தகோயாகித் தட்டோடு படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"பந்தயத்துல தோத்துட்டேன்ல, சாப்பிடுங்க" என்றார் அவர். "ஆமா, கடைசியில இது என்ன கம்பெனிம்மா?"

"தெரியல" என்றாள் யாசுயோ.

கனேகோ ஒன்றை எடுத்து ஊதி ஊதிச் சாப்பிட்டார். ஹெட்போனைக் கழற்றவே இல்லை.