இலைப் பக்கமிருந்து

முதலில் என்னைக் காட்டிக்கொடுத்தவை லாச்சப்பல் மெத்ரோ ரயில் நிலையப் படிகள். பாதியில் மூச்சு முட்டிவிடும். மருமகள் சுகந்தி முன்னால் ஏறிவிடுவாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு சுவரிலுள்ள விளம்பரங்களை ஆராய்வதுபோல நிற்பேன். மூன்று மாதம் அப்படி ஆராய்ந்தேன். நீங்கள் அவ்வளவு ஆராயாதீர்கள்.

என் இதயத்தின் வால்வு (இரத்தம் ஒரே திசையில் மட்டும் போகக் காவல் நிற்கும் கதவு) இறுகிப்போயிருந்தது. நெஞ்சைத் திறந்து உலோகக் கதவு ஒன்றைப் பொருத்தினார்கள். அதில் இரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுவதும் மாத்திரை.

வீட்டுக்கு வந்தபின் நாக்கு செத்துப்போயிருந்தது. சோறும் கடதாசியும் ஒன்றுதான். மேல்மாடிப் பிரெஞ்சுக்காரி ஒரு நாள் பச்சை இலை கொண்டுவந்தாள். மஞ்சளாய்ப் பூத்து, பிறகு ஊதினால் பஞ்சாய்ப் பறக்குமே, புல்தரையெல்லாம் நிற்கும் அந்தச் செடி. பெயர் பிசான்லி. ‘படுக்கையில் மூத்திரம்’ என்று அர்த்தமாம்; சிறுநீரைப் பெருக்குமாம். ஒன்றைக் கடித்தேன். கசந்தது. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என் வாய்க்கு ஏதோ ஒன்று தெரிந்தது. அழுகை வந்துவிட்டது.

தெருவோரத்தில் பிடுங்கினால் நாய் நனைத்த இலை. ஆகவே அந்தச் செடியின் பஞ்சு விதைகளைக் கையில் பொத்திக் கொண்டுவந்து ஜன்னல் தொட்டியில் தூவினேன். தெருப் புல்லைத் தின்ன விடமாட்டாள் என்று சுகந்தியிடம் பூச்செடி என்றேன். அவள் வேலைக்குப் போனதும் இலையை அரிந்து, தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுப்பேன். பிஞ்சு வேரையும் சீவிப் போடுவேன். கோப்பை நிறைய.

இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அடிக்கடி பரிசோதிப்பார்கள். அதைக் காட்டும் என் எண் இறங்கிக்கொண்டே போனது. மாத்திரையைக் கூட்டினார்கள், அப்படியும் இறங்கியது. இப்படியே போனால் கதவில் இரத்தக்கட்டி பிடிக்கும், மறுபடி நெஞ்சைத் திறக்க நேரலாம் என்றார் டாக்டர்.

“மாமி, குளிசையை ஒழுங்காப் போடுறியளோ?” சுகந்தி என் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

“ஓம் பிள்ளை, எண்ணி எண்ணிப் போடுறன்.”

என்ன சாப்பிடுகிறேன் என்று டாக்டர் கேட்டார். சுகந்தி சோறு, மீன், பருப்பு என்று அடுக்கினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் கள்ளம் எனக்கே தாங்கவில்லை. பிசான்லியை வேரோடு சாப்பிடுகிறேன் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் நானே சொன்னேன். ‘வேரோடு’ என்பதற்கு எந்தச் சொல் போடுவதென்று தெரியாமல் ஒன்றைப் போட்டேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். சுகந்தி வாயைப் பொத்தினாள். பிசான்லியை வேர்ப் பக்கமிருந்து சாப்பிடுகிறேன் என்றல்லவா சொல்லியிருக்கிறேன். பிரெஞ்சுக்காரர் அப்படிச் சொல்வது மண்ணுக்குக் கீழே கிடக்கும் செத்தவர்களைப் பற்றி.

“அதற்கு இன்னும் நாள் இருக்கிறது, மதாம்,” என்றார் டாக்டர், சிரித்து முடித்ததும்.

பிறகு சிரிக்காமல் அளவைக் கேட்டார். கோப்பை நிறைய என்றேன். இலையிலுள்ள விட்டமின் கே (இரத்தத்தை உறையவைக்கும் சத்து) மாத்திரைக்கு எதிராக வேலை செய்ததாம். முற்றாக விடவேண்டாம், தினமும் ஒரே சிறிய அளவு சாப்பிடுங்கள், அதற்கேற்ப மாத்திரையை வைப்போம் என்றார். உங்கள் டாக்டரிடம் ஒரு இலையையும் ஒளிக்காதீர்கள்.

இப்போது எண் நிலையாக நிற்கிறது. இலை பிடுங்குவது சுகந்தி.

“ஐஞ்சு இலை, மாமி. கூடக் கேட்டால் தொட்டி வெளியிலை.”

“கையிலை ஆறு கிடக்கு. மற்றது ஆருக்கு?”

“எனக்குத்தான். இந்தக் கசப்பை எப்பிடித்தான் தின்னுறியளோ,” என்றாள், தின்றுகொண்டே.

உலோகக் கதவு டிக், டிக் என்று சத்தம் போடும். முதலில் பயமாயிருந்தது, ஏதோ முடியப்போவதை எண்ணுவதுபோல. இப்போது சமையலறை அமைதியானால் சுகந்திக்கும் கேட்கிறது. மெத்ரோவில் மூச்சு வாங்கிய நாட்களில் எனக்கு அடுத்த படிக்கு அப்பால் எதுவும் இருக்கவில்லை. இப்போது விதை போட்டு, எட்டு வாரத்தில் வரும் இலையை யோசிக்கிறேன். இரண்டாவது தொட்டியிலும் தூவியாயிற்று.

நான் இன்னும் இலைப் பக்கமிருந்துதான் தின்கிறேன்.