டிக்கியில் கிடந்த பர்கண்டி

அமெரிக்காவில், எங்கள் எடிசன் ஊரில் ஜூலை மாதம் காரைத் திறந்தால், இட்லிக் குண்டான் மூடியைத் திறந்த மாதிரி முகத்தில் அனல் அடிக்கும். அந்தக் காரின் டிக்கியில்தான் ஆறு வாரமாக ஒரு பிரெஞ்சு ஒயின் பாட்டில் கிடந்தது. போட்டது நான்தான்.

மகளுக்கு நிச்சயமான பையன் பிரெஞ்சுக்காரன். அவர்கள் ஊரான பர்கண்டியில் அவன் பிறந்த வருடம் செய்த ஒயினில் இரண்டு பாட்டிலை அவன் அப்பா எடுத்து வைத்தாராம். ஒன்றை அவனுடைய இருபத்தொன்றாம் பிறந்தநாளில் குடித்துவிட்டார்கள். மற்றது, இரண்டு குடும்பமும் முதன்முதலாக ஒரே மேஜையில் உட்காரும் நாளுக்கு. அதை ஏப்ரலில் என் கையில் கொடுத்தான். "என் அபார்ட்மெண்ட் சூடு அங்கிள், உங்க பேஸ்மெண்ட்தான் இதுக்குச் சரி" என்று ஆங்கிலத்தில் சொன்னான். அவர்கள் ஊர்ப் பக்கம் சிவப்பு ஒயினுக்கு எல்லாம் ஒரே திராட்சைதானாம், பினோ நுவார். ஆனாலும் ஒரே சரிவில் வரப்பு தாண்டினால் ருசி மாறிவிடுமாம்.

ஜூனில் மாமனார் சென்னையிலிருந்து வந்தார். குடிக்கிற வீட்டில் கை நனைக்காதவர். அவருக்குப் படுக்கை பேஸ்மெண்டில். விமான நிலையம் கிளம்பும் அவசரத்தில் பாட்டிலைத் துண்டில் சுற்றி டிக்கியில் வைத்தேன். ஒரு வாரத்தில் வேறு இடம் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படியே மறந்தும் போனேன்.

சம்பந்திகள் வர நான்கு நாள் இருக்கும்போதுதான் நினைவு வந்து எடுத்தேன். கார்க் ஒரு நகம் உயரத்துக்கு மேலே தள்ளியிருந்தது. கழுத்தில் பிசுபிசுவென்று சிவப்புக் கோடு. ஒயின் கடைக்காரரிடம் நண்பனுடைய பாட்டில் என்று சொல்லிக் காட்டினேன். இதற்குக் காளான், வாத்து, கோழி பொருந்தும், மிளகாயும் புளியும் கிட்டேயே வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், கழுத்தைத் தடவிப் பார்த்ததும் நிறுத்தினார். "சூட்டில் கெட்டுவிட்டது. உங்கள் நண்பரை மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள்" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். கொடுத்த பாட்டிலையே காப்பாற்றத் தெரியாதவர்கள் என்று அவர்கள் நினைத்துவிட்டால், என் மகளை என்னவென்று நினைப்பார்கள்?

"உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"உங்க அப்பா முன்னாடியா?"

"அப்பா ரெண்டு மாசத்துல ஊருக்குப் போயிடுவாரு. இவங்க ஆயுசுக்கும் இருக்கப்போறவங்க."

சனிக்கிழமை மதியம் விருந்து நேரத்தில் மாமனாரைக் கோயிலுக்கு அனுப்பிவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு மேஜையின் தலைப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார். மேஜை நடுவில் வெண்ணெயில் வதக்கிய காளானிலிருந்து ஆவி பறந்தது.

சம்பந்தி பாட்டிலின் கழுத்தைக் கட்டைவிரலால் தடவினார். திறந்தார். முகர்ந்தார். ஒரு வாய் வைத்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்தார். இதை எங்கே வைத்திருந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

உங்கள் பையன் கொடுக்கும்போதே இப்படித்தான் இருந்தது என்ற பொய் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. பையன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கார் டிக்கியில், ஆறு வாரம், ஒளித்து வைத்திருந்தேன் என்றேன். யாரிடமிருந்து என்று அவர் கேட்டதும் நான் காளான் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

மாமனாருக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும். "என்கிட்டருந்துதான்னு சொல்லுங்க மாப்ள. அரிசி மூட்டை எடுக்கப் போனப்பவே பாத்தேன். கொழந்தையைப் படுக்க வெச்ச மாதிரி துண்டெல்லாம் சுத்தி! வெளில எடுத்து வைங்கன்னு நானா சொல்ல முடியும்?"

மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னாள். சம்பந்தி சிரிக்கவில்லை. என் மனைவியிடம் அடுப்பைக் காட்டி அனுமதி கேட்டு, காளானை வாணலிக்கு மாற்றி, ஒயினில் பாதியை அதில் ஊற்றிச் சுண்டவைத்தார். குடிக்கத்தான் ஆகாது, சமைக்க ஆகும் என்றார்.

"எனக்குத் தயிர்சாதம் போதும்மா" என்றார் மாமனார்.

சாப்பிடும்போது சம்பந்தி என் பக்கம் குனிந்து, அடுத்த பாட்டில் பிரான்சிலேயே, எங்கள் வீட்டில் இருக்கட்டும், நீங்கள் அங்கே வாருங்கள் என்றார். அடுத்த பாட்டில் என்ற வார்த்தையைக் கேட்ட பிறகுதான் நான் முதல் வாய் சாப்பிட்டேன்.

மகள் மட்டும் அவர்கள் கிளம்பும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.