கான்டெசாவுக்கு ஆறு கியர்

பழைய காருக்குள் புதிய கியர்பாக்ஸைப் பொருத்துவது என் தொழில். அதாவது, ஒன்றையொன்று பார்த்தேயிராத இரண்டு இரும்புகளைச் சேர்ந்து வாழச் சொல்லி மன்றாடுவது. முற்றத்தில் தார்ப்பாய் மூடிய ஒரு வண்டியும், அதைப் பார்த்துத் தினமும் திட்டுகிற ஒரு குடும்பமும் வைத்திருப்பவர்களுக்கு என் பாடு சொல்லாமலே விளங்கும். மற்றவர்கள் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள். பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில் இருக்கிறது என் ஒர்க்‌ஷாப். அங்கே வந்து நின்ற ஒரு கான்டெசாவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எதற்கு ஆறு?

சாம்ராஜ் அண்ணனுக்கு ஊர் காரக்கோணம் பக்கம். சவுதியில் ட்ரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். மனைவி லில்லி அக்காவைப் பார்த்த கையோடு ஷெட்டுக்குப் போய் கான்டெசாவைப் பார்ப்பார். நீளமான பானெட், அகலமான முகம். நம் நாட்டில் மஸில் கார் என்று ஆசைக்குச் சொல்லிக்கொள்ள இருந்த வண்டி அது. இந்த லீவில் இரண்டு பேரும் எங்கேயாவது தூரமாகப் போகவேண்டும் என்பார். பேட்டரி மாற்றி, டயர் வாங்கி, பிரேக்கைச் சரிசெய்து முடிக்கும்போது லீவு தீர்ந்திருக்கும்.

கடைசி லீவில் வண்டியை என்னிடம் விட்டுவிட்டு, நாலு கியர் பெட்டியைக் கழற்றி ஆறு கியர் வைக்கச் சொன்னார். வேலையை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வரும்போது அது தயாராக இருக்கவேண்டுமாம். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போவதற்குள் மூன்றாவது கியர் போடவே பஸ்ஸும் ஆட்டோவும் விடாதே, ஆறு எதற்கு அண்ணா என்று கேட்டேன்.

"எலே, அங்க ரோடு நேரா கெடக்கும். டாப் கியர்ல போட்டுட்டு அவள நெனச்சிட்டே போவேன். இங்க அவள பக்கத்துல இருத்திட்டு ஒருக்கா அப்பிடிப் போவணும், அவ்வளவுதான் மக்கா."

வெட்டியது

கோயம்புத்தூரில் உடைத்த வண்டிகள் விற்கிற ஒரு இடத்தில் ஆறு கியர் பெட்டி ஒன்று கிடைத்தது. ஏதோ ஒரு பெரிய ஜீப்பில் இருந்தது. எஞ்சினோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு போல்ட் ஓட்டைகூட நேருக்கு நேர் வரவில்லை. நடுவில் வைக்க ஒரு தகடு கடைந்தோம். லேத்துக்காரர் முதலில் செய்தது ஒரு நூல் தள்ளி நின்றது, மறுபடி கடைந்தோம். பெட்டி பழையதைவிட நீளம் என்பதால் பின்னால் போகிற ஷாஃப்டை வெட்டிக் குறுக்கினோம். கடைசியில் பார்த்தால் கியர் லிவர் வந்து நிற்கிற இடத்தில் வண்டித் தரையில் தகரம்தான் இருந்தது, ஓட்டை இல்லை.

தரையை வெட்டாமல் வழியில்லை. அண்ணனுக்கு வீடியோ கால் போட்டேன். "வெட்டு, வெட்டு" என்று தைரியமாகச் சொன்னவர், வெல்டர் பிஜு கட்டரை ஓடவிட்டதும் போனில் முகத்தைக் காணோம். திரையில் ஒரு சுவரும், அதில் ஆடிக்கொண்டிருந்த ஒரு சட்டையும்தான் தெரிந்தன. சத்தம் நின்ற பிறகு மெல்ல எட்டிப் பார்த்து, "முடிஞ்சா?" என்றார்.

பிஜு கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் கேட்டான்: "சேட்டா, நம்ம வெட்டுனது வண்டியையா, அவருக்க வயித்தையா?"

கால்

வண்டி முடிகிற நேரத்தில் சவுதியில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் தளர்ந்துவிட்டது. ஒரேயடியாக ஊருக்கு வருவேன் என்றவர், சொன்னபடி வந்தார், சக்கர நாற்காலியில். மாதக்கணக்கில் சிகிச்சை. கோலூன்றி நடக்க ஆரம்பித்ததும் அவர் முதலில் கூட்டிப்போகச் சொன்ன இடம் என் ஒர்க்‌ஷாப்.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார இரண்டு பேர் பிடிக்கவேண்டியிருந்தது. இடது காலைக் கையால் தூக்கி கிளட்ச் மேல் வைத்தார். அழுத்தினார். கால் வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். நான் கிளட்ச் சிலிண்டரை மாற்றி அந்தப் பெடலை எவ்வளவு லேசாக்க முடியுமோ அவ்வளவும் செய்து பார்த்தேன். ஒரு சின்னப் பிள்ளை மிதித்தால்கூடப் போகும். அண்ணனுக்குப் போகவில்லை. இடது கையும் லிவரின் குமிழைப் பிடிக்கவில்லை, சும்மா அதன்மேல் கிடந்தது. லில்லி அக்கா கதவுப் பக்கம் நின்றுகொண்டு, வேறெங்கேயோ பார்த்தார்கள்.

அண்ணன் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "நீ இனி ஒண்ணும் செய்யாண்டாம். கிளச்சு சரியாட்டுதான் உண்டு. எனக்க காலைத்தான் மாத்தணும்."

வாங்க வந்தவர்

விற்றுவிடலாம் என்று லில்லி அக்காதான் சொன்னார்கள். கண்முன்னால் நின்றால் அவருக்கு வேதனை கூடும் என்பது அவர்கள் கணக்கு. திருவனந்தபுரத்திலிருந்து பழைய கார்கள் சேர்க்கிற ஒரு இளைஞர் பார்க்க வந்தார். அண்ணனும் மறுப்புச் சொல்லவில்லை. "கொண்டு போவட்டும்" என்றார்.

வந்தவர் ரிவர்ஸ் எங்கே விழுகிறது என்று கேட்டார். அவ்வளவுதான். லிவரில் உள்ள வளையத்தைத் தூக்கிவிட்டு இடப்பக்கம் தள்ளவேண்டும் என்று அண்ணன் ஆரம்பித்தார். அங்கிருந்து கோயம்புத்தூர், லேத்து, வெட்டிய ஷாஃப்ட், எந்த வேகத்தில் எந்த கியர் என்று போய்க்கொண்டே இருந்தார். பேச்சு கொஞ்சம் குழறியது, ஆனால் நிற்கவில்லை. கிளட்ச்சில் கால் வழுக்கிய நாளிலிருந்து "ம்", "வேண்டாம்" என்கிற மாதிரி ஓரிரு வார்த்தையைத் தாண்டி அவர் பேசி நான் கேட்டதில்லை. லில்லி அக்கா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முன்னால் வந்தார்கள்.

"வண்டி விக்கதுக்கில்ல. பிள்ளே, நீங்க சாயா குடிச்சிட்டுப் போங்க."

சவுட்டு

லில்லி அக்காவுக்கு லைசென்ஸ் உண்டு. நெய்யாற்றின்கரை ஆபீசுக்குப் போக வைத்திருந்தது கியர் மாற்றத் தேவையில்லாத ஒரு சின்ன கார். கான்டெசாவில் உட்கார்ந்ததும் ரோட்டைப் பார்த்தால் கிளட்ச் மறந்தது. கிளட்ச்சைப் பார்த்தால் கியர் மறந்தது. என் ஒர்க்‌ஷாப் வளாகத்தை ஒரு சுற்று சுற்றுவதற்குள் வண்டி பலமுறை குலுங்கி நின்றது. இடது சீட்டில் இருந்த அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. சட்டென்று வலது கையை நீட்டி லிவரைப் பிடித்துக்கொண்டு, "நீ சவுட்டு, நான் போடுதேன்" என்றார்.

அக்கா மிதித்தார்கள். கியர் வெண்ணெய்போல விழுந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. சவுதியில் ஸ்டியரிங் இடப்பக்கம். இத்தனை வருடமும் அவர் கியர் போட்டது அந்த வலது கையால்தான்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் வந்தார்கள். சர்ச் மைதானத்தில் பழகினார்கள். சொல்லாமல் மிதிக்காதே, மிதிக்கும் முன்னால் தள்ளாதீர்கள் என்று அங்கே எழுந்த சத்தத்தில் உபதேசியார் ஒருநாள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். நான் சமாதானம் செய்யப் போனேன்.

லில்லி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். "நீ போ தம்பி. இத்தன வருசம் போன்ல போட்ட சண்டைய இப்பந்தான் நேர்ல போடுதோம்."

பைபாஸ்

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், ஆராதனைக்கு முன்னால், காரோடு என்கிற ஊரில் பைபாஸ் ஏறினோம். பின்சீட்டில் நான் இருந்தேன். ஏதாவது கழன்று விழுந்தால் பொறுக்க ஒரு ஆள் வேண்டுமே. மூன்று, நான்கு. அக்கா "ம்" என்பார்கள். அண்ணனின் கை நகரும். சொல்வதும் சண்டையும் இல்லை. ஐந்து. கான்கிரீட் ரோடு வெறிச்சென்று நீண்டு கிடந்தது. அக்கா ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு மிதித்தார்கள். அண்ணன் லிவரை வலப்பக்கம் தள்ளி, பின்னால் இழுத்தார்.

எஞ்சின் சத்தம் அப்படியே தாழ்ந்தது. காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. அண்ணன் முன்னால் பார்க்கவில்லை, பக்கத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் பார்வை ரோட்டிலேயே இருந்தது; கன்னம் மட்டும் நனைந்திருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு அக்கா மெதுவாகச் சொன்னார்கள்: "கியர் விழுந்தாச்சுல்லா, இனி கைய எடுங்க."

"இருக்கட்டுட்டீ," என்றார் அண்ணன்.

இப்போதெல்லாம் ஆறு கியர் வைக்கவேண்டும் என்று யார் வந்தாலும் எஞ்சின் என்ன, பட்ஜெட் என்ன என்று கேட்பதற்கு முன்னால், வண்டியை ஓட்டப்போவது எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு அவர்கள் முழிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.