குய்லான் குடித்த வேர்

யாஞ்சி ஊரில் எங்கள் பக்கத்து வீடு குய்லானுடையது. அவள் புருஷன் செங்லூ, மணல்மேட்டில் அதிமதுரம் தோண்டுகிறவன். மகள் யிங்ஹுவா பிறந்ததும் குய்லானுக்கு வயிற்றில் எரிச்சல் வந்தது. விற்க வேண்டிய நல்ல வேராகப் பார்த்து ஒதுக்கி, செங்லூ தானே கஷாயம் வைத்துக் கொடுத்தான். எரிச்சல் நின்றது. அவன் கொடுப்பதை நிறுத்தவில்லை, அவளும் குடிப்பதை நிறுத்தவில்லை.

இரண்டு வருஷத்தில் அவளுக்குக் கால் வீங்கியது, தலை வலித்தது. நூடுல்ஸுக்கு மாவு பிசைய உட்கார்ந்தால் பாதியில் கை துவண்டுவிடும்.

"வேலைன்னா கை விழுந்துடுது. கஷாயக் கிண்ணத்தை மட்டும் எப்படித் தூக்குற?" என்பான் செங்லூ. நாங்களும் சிரித்திருக்கிறோம். தெம்பு வரட்டும் என்று அவள் இன்னொரு கிண்ணம் கஷாயம் குடிப்பாள்.

குழந்தையைத் தூக்கக்கூட முடியாமல் போனதும், செங்லூ பிள்ளையில்லாத தன் அக்கா ஷுஃபென்னிடம் யிங்ஹுவாவைக் கொண்டுபோய் விட்டான். குய்லான் தடுக்கவில்லை. தான் சோம்பேறிதான் என்று அவளே நம்பிவிட்டிருந்தாள்.

இன்னும் நாலு வருஷம் போனது. ஒருநாள் கிணற்றடியில் விழுந்தவளால் எழ முடியவில்லை. டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா கேட்டார்:

"தினமும் என்னம்மா குடிக்கிறீங்க?"

"அதிமதுரம்தான். மருந்து."

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷமா."

"மருந்துல இதைக் கொஞ்சம் சேர்ப்பாங்க, அதுவும் சில நாளைக்குத்தான். இப்படிக் குடிச்சா ரத்தத்துல பொட்டாசியம் வத்திடும், அழுத்தம் ஏறும், தசை துவண்டுடும். இனிமே தொடாதீங்க."

செங்லூவுக்குக் கோபம். "எங்க அப்பா காலத்துலேருந்து தோண்டுறோம். எந்த வைத்தியர் இதைச் சேர்க்காம மருந்து கொடுக்கிறார்? இதுவா விஷம்?"

கஷாயத்தை நிறுத்திய மூன்றே வாரத்தில் அவள் நடந்தாள், மாவு பிசைந்தாள். அவன் அதைப் பார்த்தான். மறுநாளும் மணல்மேட்டுக்கு வேர் தோண்டப் போனான்.

மகளைக் கூட்டிவர அவளோடு நானும் போனேன். ஆறு வயது யிங்ஹுவா ஷுஃபென்னின் பின்னால் ஒளிந்துகொண்டு, "அம்மா, இந்த அத்தை யாரு?" என்றாள்.

"கை விளங்காதுன்னு கொடுத்தீங்க. இப்ப வேர் மேல பழியைப் போடுற. பிள்ளை என்ன, இரவல் பாத்திரமா?" என்றாள் ஷுஃபென்.

செங்லூ அக்கா பக்கம் நின்றான். யிங்ஹுவா அங்கேயே வளர்ந்தாள். அவள் கல்யாணத்தில் பெண்ணின் அம்மாவுக்குரிய நாற்காலியில் ஷுஃபென் உட்கார்ந்தாள். குய்லான் எங்கள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.