அப்புச்சி இருந்த ஆம்புலன்ஸ்

என் அம்மாவின் அப்பாவை, எங்கள் அப்புச்சியை, ஊரில் பலர் ‘ஆம்புலன்சு’ என்றுதான் சொல்வார்களாம். அது மரியாதைப் பெயர் அல்ல. இரண்டாம் உலகப்போரின்போது பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போய்வந்தவர் அவர். அங்கே என்ன வேலை என்று கேட்டவர்களிடம், “நா ஆம்புலன்சுல இருந்தனுங்க” என்றிருக்கிறார். காரமடைக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவருக்குச் சைக்கிள்கூட ஓட்ட வராது. முதலில் சிரித்தவர் அவருடைய சொந்த அண்ணன். பக்கத்து ஊரில் ஒருவருக்குப் பட்டாளத்துப் பென்ஷன் வந்தது, அப்புச்சிக்கு வரவில்லை. பாதியில் ஓடிவந்தவர் என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது. அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. போரைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார். நான் பிறப்பதற்கு முன்பே இறந்தும் போனார்.

அம்மாவுக்கு அது ஆறவே இல்லை. பள்ளிக்கூடத்தில் அவரை ‘ஆம்புலன்சு புள்ளை’ என்று கேலி செய்திருக்கிறார்கள். அப்புச்சியின் காரியம் முடிந்த பிறகு தன் பெரியப்பாவான அந்த அண்ணனின் வீட்டு வாசலை அம்மா மிதிக்கவில்லை.

முழங்கால் வலி அதிகமாகி அம்மா கோவைக்கு என்னோடு இருக்க வந்தபோது, அப்புச்சியின் இரும்புப் பெட்டியும் கூடவே வந்தது. அம்மா அதில் பவானி ஜமக்காளங்களை வைத்திருந்தார். துருப்பிடித்திருக்கிறதே, பெயின்ட் அடிக்கலாம் என்று மூடியை உப்புத்தாளால் தேய்த்தேன். பச்சை வண்ணத்துக்கு அடியில் வெள்ளை எழுத்துகள் தெரிந்தன. ஒரு நீளமான எண், அப்புச்சியின் பெயர், அதற்குக் கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுத்துச் சுருக்கம்.

கவுண்டம்பாளையத்தில் நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ராணுவ மருத்துவராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் ரத்த அழுத்த மாத்திரை வாங்க மாதாமாதம் வருவார். அவரிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன்.

“ஃபீல்டு ஆம்புலன்ஸ்னு போட்டிருக்குதுங்க அம்மணி. யாரோட பெட்டி?”

“எங்க அப்புச்சிதுங்க சார். ஆம்புலன்ஸ் ஓட்டுனேன்னு சொல்லிட்டிருந்தாராம். ஆனா அவருக்கு வண்டியே ஓட்டத் தெரியாதுங்க.”

“ஓட்டுனேன்னு சொன்னாருங்களா, இருந்தேன்னு சொன்னாருங்களா?”

நான் யோசித்தேன். “இருந்தேன்னுதானுங்க.”

“சரியாத்தான் சொல்லியிருக்காரு. ஃபீல்டு ஆம்புலன்ஸ்ங்கறது வண்டி இல்லீங்க. அது ஒரு மருத்துவப் படைப்பிரிவோட பேரு. சண்டை நடக்கற எடத்துலிருந்து அடிபட்டவங்களைத் தூக்கியாந்து, கட்டுப் போட்டு, பின்னால இருக்கற ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுதான் அவங்க வேலை.”

போனில் அந்த எழுத்துகளைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தேன். பென்ஷன் பற்றியும் கேட்டேன். போருக்காக எடுத்த ஆட்களைப் போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், அவர்களில் பெரும்பாலோருக்குப் பென்ஷன் கிடையாது என்றார்.

எங்கே எழுதிக் கேட்க வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். டெல்லியில் உள்ள ஆவணக் காப்பகத்திலிருந்து அந்தப் பிரிவின் போர்க்கால நாட்குறிப்பின் நகல் முதலில் வந்தது. கடையில் கூட்டமில்லாத மதிய நேரங்களில் படித்தேன். எத்தனை பேர் காயத்தோடு வந்தார்கள், எத்தனை பேருக்கு மலேரியா, எந்தப் பாலம் உடைந்தது என்றுதான் பக்கம் பக்கமாக இருந்தது. வீட்டுக்கு எடுத்துப்போய் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

“அதுல அப்பா பேரு இருக்குதா கண்ணு?”

“இல்லீங்கம்மா. ஆபீசருங்க பேரு மட்டுந்தான் எழுதியிருக்காங்க.”

அம்மாவின் முகம் சுருங்கியது. நான் ஒரு பக்கத்தை மட்டும் முழுக்கப் படித்துக் காட்டினேன். விடாத மழையில் மலைப்பாதை சரிந்து ஜீப்புகள் நின்றுவிட்டன. ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள் ஆள் மாற்றி ஆள் மாற்றிக் காயம்பட்டவர்களைச் சேற்றில் சுமந்து இறக்கினார்கள். ஈரத்தில் அவர்களுடைய பாதங்கள் வெந்துபோயின. ஒருவரும் மறுக்கவில்லை என்று அதிகாரி எழுதியிருந்தார்.

“அப்பாவுக்கு வெரலிடுக்கெல்லாம் எப்பவும் தோலுரிஞ்சே இருக்கும்,” என்றார் அம்மா. “நாந்தான் வேப்பெண்ணெய் தடவிவிடுவேன். வயக்காட்டுச் சேத்துப்புண்ணுன்னு நெனச்சனே.”

அப்புச்சியும் அந்த மலையில்தான் இருந்தாரா என்று அப்போது எனக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெட்டியிலிருந்த எண்ணைக் குறிப்பிட்டு மருத்துவப் படையின் பதிவு அலுவலகத்துக்கும் எழுதியிருந்தேன். பல மாதம் கழித்து ஒரே ஒரு தாள் வந்தது. அதே பிரிவு, அதே காலம். வேலை, ஸ்ட்ரெச்சர் தூக்குபவர். போர் முடிந்து முறைப்படி விடுவிக்கப்பட்டவர். நடத்தை, மிக நன்று.

அம்மா அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, “கார எடு. ஊருக்குப் போலாம்,” என்றார்.

அம்மாவின் பெரியப்பா இறந்து பல வருடமாகிவிட்டது. அவருடைய மகன், அம்மாவுக்கு அண்ணன் முறை, எண்பதைத் தாண்டியவர், வீட்டில் இருந்தார். அம்மா உட்காரக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். “எங்கப்பன் பொய் சொல்லலீங்கண்ணா. ஓடியும் வரல.”

அவர் அம்மாவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அம்மணி, கெணறு வெட்டறப்ப எங்கப்பன் கால்மேல கல்லு உழுந்துது. அப்ப ரோடு ஏது? சித்தப்பன்தான் கயித்துக்கட்டில்ல போட்டு மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாரு. முன்னால புடிக்கறவன் எடது காலெடுத்து வெச்சா பின்னால வாரவன் வலது கால வெக்கணும், அப்பத்தான் கட்டில் ஆடாதும்பாரு. வழியெல்லாம் அதைச் சொல்லிக்கிட்டேதான் போனாரு. நானும் கூட ஓடுனேன். இதை எங்க கத்துக்கிட்டீங்கன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் கேக்கத் தோணல பாரு.”

“அதுக்கப்புறமும் பெரியப்பன் ஆம்புலன்சுன்னுதானுங்க கூப்பிட்டாரு?”

“இல்லீங்கம்மணி. அவரு நிறுத்திப்போட்டாரு. ஊருதான் நிறுத்தல.”

இது அம்மாவுக்குத் தெரியாது. அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். காபி வந்தது, குடித்தார். கிளம்பும்போது, “கோயமுத்தூருக்கு ஒருக்கா வந்துட்டுப் போங்கண்ணா,” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் ஒரு சீப்பு கதலிப்பழத்தோடு பஸ் ஏறி வந்துவிட்டார்.